பிளான் பாஸ் இல்லாமல் எழும்பிய தளங்கள்

பெறுநர்: அரசாங்க இணையத்தளங்களைத் திட்டமிடும் அதிகாரிகள், கொழும்பு.
விடயம்: வரைபடமின்றிக் கட்டியமைக்காகப் பாராட்டுத் தெரிவித்தல்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

வெள்ளவத்தையில் ஒருவர் வீட்டின் பின்பக்கம் ஒரு குளியலறை கட்ட நினைத்தாலும் முதலில் படம் கீறவேண்டும். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர முன்னேற்றக் கட்டளைச் சட்டமும் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அவரை விடமாட்டா. வாசல் எங்கே, மாடிப்படி எங்கே, கழிவுநீர் எந்தப் பக்கம் போகும் என்று தாளில் காட்டி மாநகர சபையில் பிளான் பாஸ் எடுக்கவேண்டும். கட்டி முடித்த பிறகு குடியேற இணக்கச் சான்றிதழ் வேண்டும். காலி வீதியின் இருபக்கமும் எழும்பி நிற்கும் தொடர்மாடிகள் எல்லாம் இந்த வழியால் வந்தவை என்றுதான் நாங்கள் நம்புகிறோம். கொழும்பு நகரத்துக்கே 1921இல் நகரத் திட்டமிடலாளர் பற்றிக் கெடிஸ் வந்து திட்டம் எழுதிக் கொடுத்தார். இப்படி ஊராரிடம் எல்லாம் படம் கேட்கும் அரசாங்கம், தன் மக்கள் நுழையும் வாசலாகிய இணையத்தளத்தை மட்டும் ஒரு தாளிலேனும் கீறிப் பார்த்த அடையாளமே தெரியாமல் கட்டி எழுப்பும் துணிவைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

கீறவேண்டிய படம் பெரிய வித்தையுமில்லை. முகப்புப் பக்கத்துக்கு ஒரு பெட்டி, அதன் கீழ் பிரிவுகளுக்குப் பெட்டிகள், அவற்றின் கீழ் படிவம், கட்டணம், அலுவலக முகவரி. எதிலிருந்து எதற்குப் போகலாம் என்று கோடுகள். டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் எழுதிய முன்மொழிவின் முதற் பக்கத்திலேயே வட்டங்களும் அம்புக்குறிகளும் இருந்தன. உலகளாவிய வலை பிறந்தது அந்தத் தாளிலிருந்துதான். எந்த உருவம் பக்கத்தைக் குறிக்கும், எந்த அம்பு வழியைக் குறிக்கும் என்று 2000இல் ஜெஸி ஜேம்ஸ் காரெட் என்ற இணைய வடிவமைப்பாளர் பொதுக் குறியீடுகளையும் வகுத்துக் கொடுத்துவிட்டார். மென்பொருள் வாங்க விலைமனுக் கோரவேண்டியதில்லை, சுவரும் ஒட்டுத்தாளும் போதும். எங்கள் தளங்களின் அடியில் 'தள வரைபடம்' என்று ஓர் இணைப்பு இருக்கிறதே என்பீர்கள். அது பெரும்பாலும் கட்டி முடிந்த பிறகு இயந்திரம் எடுத்த பட்டியல். உள்ள பக்கங்களை அது வரிசையாகச் சொல்லும். இருக்கவேண்டிய பக்கம் இல்லை என்று சொல்ல அதற்குத் தெரியாது.

படம் கீறாவிட்டாலும் தளம் ஏதோவோர் உருவத்தை எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறது. அது எந்த உருவம் என்பதை மெல்வின் கொன்வே என்ற கணினி அறிஞர் 1968இலேயே எழுதிவைத்தார்: ஒரு நிறுவனம் வடிவமைக்கும் எதுவும் அந்த நிறுவனத்தின் உள் தொடர்புகளின் நகலாகவே அமையும். பிறப்புச் சான்றிதழ் என்றால் பதிவாளர் நாயகம் திணைக்களம், அடையாள அட்டை என்றால் ஆட்பதிவுத் திணைக்களம், கடவுச்சீட்டு என்றால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். ஆதனவரி மாநகர சபைக்கு, தண்ணீர்க் கட்டணம் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு. ஆயுள் முழுக்க முகவரியில் கொழும்பு 6 என்று எழுதிய வெள்ளவத்தைக்காரர், தான் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தின் ஆள் என்று முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். கொழும்பு 13இல் இருக்கும் கொட்டாஞ்சேனைக்காரர் கொழும்புப் பிரதேச செயலகத்தைத் தேடவேண்டும். ஆட்சியின் உள்வீட்டுப் பாகப்பிரிவினை தெரிந்தவருக்கே படிவம் கிடைக்கும். மெனுவைத் திறந்தால் முதலில் அமைச்சரின் செய்தி, பிறகு தூரநோக்கு, பிறகு பணிக்கூற்று. அதற்கடுத்து, தளம் முழுவதிலும் அக்கறையோடு கீறப்பட்ட ஒரேயொரு படம் வரும். அது திணைக்களத்தின் அமைப்பு வரைபடம். ஆணையாளர் நாயகம் உச்சியில் இருக்கிறார், சாரதிகள்கூட அடியில் இருக்கிறார்கள், விண்ணப்பதாரருக்கு மட்டும் பெட்டி இல்லை.

இவ்வளவும் கவனக்குறைவால் வந்தது என்று சொல்பவர்கள் உங்கள் ஆற்றலைக் குறைத்து மதிக்கிறார்கள். படம் கீறாததற்குத் தக்க காரணம் உண்டு என்பதே என் வாதம். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 16ஆம் திருத்தம் 1988இல் நிர்வாகத்தில் அதன் இடத்தை விரித்துரைத்தது. அதன்படி முகப்பில் மூன்று மொழிக்கும் மூன்று பொத்தான்கள் அழகாக இருக்கின்றன. தமிழை அழுத்தினால் தலைப்பு தமிழில் வரும், மெனு தமிழில் வரும். இரண்டொரு படி இறங்கியதும், பல தளங்களில், பக்கம் ஆங்கிலமாகும். படிவம் வரை போனால் சிங்களத்தில் ஸ்கேன் செய்த தாள் நிற்கும். திரையில் ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பவருக்கு இது தனித்தனித் தவறாகத்தான் தெரியும். மூன்று மொழிக்கும் பெட்டிகள் கிளைவிடும் மூன்று மரங்களை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் கீறிவிட்டால், தமிழ் மரம் எந்தக் கிளையில் முறிந்தது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு அந்த ஒரு தாளை மேசையில் வைத்துக் கேள்வி கேட்கலாம். புத்தியுள்ள எவரும் அப்படியொரு சாட்சியைத் தன் கையாலேயே கீறிக் கொடுப்பாரா?

உங்கள் தரப்பில் சொல்லக்கூடியவற்றையும் கேட்கவேண்டும். இந்தக் காலத்தில் மெனுவை யார் பார்க்கிறார்கள், எல்லாரும் கூகுளில்தானே தேடுகிறார்கள் என்பது வலுவான கேள்வி. ஆனால் ஸ்கேன் செய்த தாளில் எழுத்தே இல்லை, படம்தான் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டிய ஆவணம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். நம் புள்ளிகள் எல்லாம் அங்கே அரைப்புள்ளிகள். 'அம்மா' என்று தேடுபவருக்கு அது அகப்படாது. தேடி ஒரு பக்கம் கிடைத்தாலும், அது பழைய சுற்றறிக்கையா புதியதா, அடுத்து எங்கே போவது என்பதை அந்தப் பக்கம் தொங்கும் கிளைதான் சொல்லவேண்டும். மொழிபெயர்ப்பாளர் போதாது என்பது உண்மை. அதனாலேயே எதை முதலில் மொழிபெயர்ப்பது என்று காட்டும் படம் அவசியமாகிறது. அமைச்சரின் செய்தியைத் தமிழாக்கிய நேரத்தில் இரண்டு படிவங்களை முடித்திருக்கலாம்.

தேர்தலுக்குத் தேர்தல் வர்த்தமானியில் அமைச்சுகளின் பெயரும் விடயங்களும் மாறும்போது எந்தப் படம் நிலைக்கும் என்று கேட்டால், அமைச்சுகளை வைத்துக் கீறிய படம் நிலைக்காதுதான். பிறப்பு, பள்ளிக்கூடம், கல்யாணம், காணி, ஓய்வூதியம், சாவு ஆகியவற்றை எந்த வர்த்தமானியும் இதுவரை வேறு அமைச்சுக்கு மாற்றவில்லை. பிரித்தானியா 2012 ஒக்டோபரில் தன் பழைய பொதுத் தளங்களை மூடிவிட்டு ஒரே தளமாக்கியபோது, எந்தத் திணைக்களம் என்பதை விட்டு, வந்தவருக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்துதான் பக்கங்களை அடுக்கியது. நாமும் ஒவ்வொரு சேவையையும் ஓர் அட்டையில் எழுதி, பிரதேச செயலக வரிசையில் நிற்பவர்களிடம் கொடுத்து, எது எதோடு சேரும் என்று அடுக்கச் சொல்லலாம். அவர்களுக்கு அங்கே நேரம் நிறைய இருக்கிறது.

ஒரு நன்மையை மறைக்கக்கூடாது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கொமியூனிகேஷன் கடைகள் இன்னும் பிழைப்பது உங்கள் தயவில். எந்தப் படிவம் எங்கே ஒளிந்திருக்கிறது என்ற வரைபடம் அந்தக் கடைக்காரர்களின் தலைக்குள் இருக்கிறது. பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கி எடுத்துத் தருகிறார்கள்.

எனினும் ஒரு சிறு வேண்டுகோள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், உங்கள் தளங்களுக்காகக் கீறப்பட்ட மும்மொழி வரைபடங்களின் பிரதிகளைக் கோருகிறேன். தீர்மானத்தை அறிவிக்கச் சட்டம் தரும் 14 வேலை நாட்கள் போதுமானவை. இன்றைக்கே உட்கார்ந்து கீறத் தொடங்கினாலும் முடித்துவிடலாம். அப்படியொன்று கைவசம் இல்லை என்ற பதிலும் ஏற்றுக்கொள்ளப்படும், தமிழில் இருந்தால். அதைச் சாதாரண தபாலில் அனுப்பிவையுங்கள். இணையத்தளத்தில் போட்டிருக்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இங்ஙனம்,
கொழும்பு 6இல் வசிக்கும் ஒரு விண்ணப்பதாரர்