வர்த்தமானி வாசிக்காத சனம்

2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியை மனதாரப் பாராட்டுகிறேன். வடக்கில் 5,941 ஏக்கர், அதில் மன்னாரில் 54. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. என்ன நாகரிகம்! சொல்லாமலா எடுக்கப் பார்த்தார்கள்?

இப்படியான அறிவித்தல்களை உள்ளூர் இணையத்தளங்களிலும் போடச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டுமாம். வீண் செலவு. பேசாலையில் கரைவலை இழுக்கிறவர் ஒரு கையில் கயிறும் மறு கையில் வர்த்தமானியுமாகத்தானே நிற்கிறார்? யுத்தத்துக்குத் தப்பித் தலைமன்னாரில் வள்ளமேறி மண்டபம் முகாமுக்குப் போனவர்களுக்கும் குறையில்லை. கொண்டல் காற்று பக்கம் பக்கமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். காணி உறுதி எரிந்துபோயிற்றா? எரிந்ததற்கு ஓர் உறுதி கொண்டுவந்தால் தீர்ந்தது. இந்த வர்த்தமானிக்கு அடிப்படையான 1931ஆம் ஆண்டுக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்துக்கு இதைவிட எவ்வளவு இளகிய மனம் வேண்டும்?

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் செய்தித் தளங்கள் விசயத்தை எழுதித் தொலைத்தன. சனம் வாசித்துவிட்டது. தவணை முடிய ஒரு நாள் இருக்க, ஜூன் 27இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு அரசாங்கமும் அறிவித்தலை மீளப்பெற்றது.

அடுத்த பகிரங்க அறிவித்தலையாவது யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துப் பிரசுரியுங்கள்.