பலகையும் கொத்துரொட்டியும்

வா மனே, இப்பிடிக் குந்து. கம்ப்யூட்டர மடக்காத, தொறந்தே இரிக்கட்டும். உன்ட ஆராய்ச்சிய உம்மா சொன்னா. அறுகம்பேல அலையேறப் பலகை வாடகைக்கு எடுக்கிறவங்கள்ல ஒருத்தன்கூட நம்மட கடைல கொத்துரொட்டி தின்டதில்லையாம். ரெண்டுக்கும் நடுவுல பெருக்கல் குறி போட்டியாம், சைபர் வந்திச்சாம். அப்ப மெயின் பொயின்ட்ல இருந்து ஈரக் காற்சட்டையோட வந்து, நம்மட வாங்க நனைச்சிட்டு, ரெண்டு பிளேட் திங்கிற நெட்டையனுகள் ஆரு? ஜின்னா?

நீ கணக்குப் பாக்கிற கிளிக் சென்ஸ் மென்பொருள்ல குத்தம் புடிக்காத. அது சுவீடன்ல லுண்ட் நகரத்துல 1993ல தொடங்கின கம்பனிட சாமான். கேட்டதத்தான் குடுக்கும், கேக்க நினைச்சதக் குடுக்காது. பெருக்கல் குறி என்டா ரெண்டு தொகுதிலயும் பொதுவா இரிக்கிறது. சரிதான். ஆனா நீ எழுதின தொகுதிக்குள்ள கிடக்கிறது ஆள் இல்ல மனே, பில்லுட வரி. ஒரு வரி பலகை, மத்த வரி கொத்து. ஒரே வரி பலகையாவும் கொத்தாவும் எப்பிடி இரிக்கும்? சைபர்தான் வரும். படிச்சவன் நீ, மூத்தவாப்பா சொல்ல வேண்டிக் கிடக்கு.

ஆளப் புடிக்கிறதுக்கு 'பி' என்டு ஒரு சார்பு இரிக்கி. சிரிக்காத, பேர நான் வெக்கல்ல. பலகை வரி உள்ள விருந்தாளியள் ஆரு என்டு அதுக்கிட்டக் கேளு. கொத்து வரி உள்ளவங்க ஆரு என்டு மறுகா ஒருக்காக் கேளு. அந்த ரெண்டு பேர்ப்பட்டியலுக்கும் நடுவுல போடு உன்ட பெருக்கல. கூட்டல் போட்டா ரெண்டு பட்டியலும் சேரும், ரெண்டுலயும் இரிக்கிறவன் ஒருக்காத்தான் நிப்பான். வகுத்தல் போட்டா ஒண்டுல மட்டும் இரிக்கிறவன்.

கூட்டலயும் பெருக்கலயும் கலந்து எழுதக்குள்ள அடைப்புக்குறி போடு. போடாட்டி பெருக்கலும் வகுத்தலும் முந்திக்கும், கூட்டலும் கழித்தலும் பொறகு வரும். கலியாணப் பந்தில ஆர் முதல்ல இரிக்கிற என்டு சொல்லாட்டி நடக்கிற சங்கதிதான்.

மத்தது டொலர் குறி. அதப் போட்டா திரைல நீ தெரிஞ்சு வெச்சதுக்குள்ளதான் தேடும். அதுக்குப் பதிலா 1 என்ட இலக்கத்தப் போட்டா முழுக் கணக்கும் வரும். ஓகஸ்டத் தெரிஞ்சு வெச்சிட்டு, வருசம் பூரா இப்பிடித்தான் சனம் என்டு வாப்பாக்குச் சொல்லிராத. கச்சான் காத்து விட்டு வாடை தொடங்கினா இந்தக் கடக்கரைல நானும் நாயும்தான். அந்த நேரம் கொத்துப் போட ரெண்டு பேரச் சம்பளத்துக்கு வெச்சா, சம்பளத்த உன்ட தலைல கட்டுவாரு.

வாப்பா உண்மைல கேட்டது கழித்தல் கணக்கு. பலகை எடுத்தவங்கள்ல, சாப்பிட்டவங்களக் கழிச்சா மிச்சம் ஆரு? அவங்களுக்குத்தான் விலை குறைச்சுக் குடுக்கப் பாக்காரு. நல்ல யோசனை. ஆனா அந்தப் பட்டியல்ல உன்ட கூட்டாளிமார்ட பேர் முழுக்க வரும், பாரு. அவனுகள் திங்காம இல்ல. ராவைக்கு நீ குடுக்கிற கொத்துக்கு எந்தக் காலத்துல பில்லு எழுதின?