விழிஞ்ஞத்தை வென்றவர்கள்

பழைய தமிழ் அரசர்களுக்கு விழிஞ்ஞத்தின் மேல் அப்படி என்னதான் கோபமோ! ஆய் மன்னர்களின் துறைமுகமாக, தன் பாட்டுக்கு இருந்த ஊர். 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் வந்து கோட்டையை அழித்துவிட்டுப் போய், ஸ்ரீவரமங்கலம் செப்பேட்டில் பதிந்துவைத்தார். அப்புறம் சோழர்கள். குலோத்துங்கன் விழிஞ்ஞத்தை அழித்த கதையைக் கலிங்கத்துப்பரணியும் விடாமல் சொல்கிறது. புகழ்ப்பட்டியலில் இந்த ஊர் இல்லாத ராஜாவுக்கு அப்போது பெண் கொடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

இப்போதைய படையெடுப்பு கோவளத்தோடு நின்றுவிடுகிறது. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுகிறவர்கள் கோவளத்தில் இறங்கி, சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் கோபுரத்தின் முன் செல்ஃபி எடுத்து, ‘கோவளம் லைட்ஹவுஸ்’ என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறார்கள். 1972-இல் வந்த அந்த விளக்குக்கு அரசாங்க ஏட்டில் விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் என்றுதான் பெயர். பெயரைப் பறிகொடுத்தும் விழிஞ்ஞம் வழக்குப் போடவில்லை.

சில கிலோமீட்டர் தள்ளி வந்தால் ஒரு பாறைக் குடைவரை. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரில் பாதி செதுக்கி விட்ட சிவனும் பார்வதியும். ஆயிரத்து இருநூறு வருஷமாக வேலை பாக்கி. எங்கள் ஊர் மேம்பாலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய தாமதமாகத் தெரியவில்லை. இங்கே அடிக்கல் நாட்டிய அமைச்சர் பெயரோடு கல்வெட்டு இல்லை என்பதே ஆறுதல்.

மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பக்கம் பள்ளிவாசல், மறுபக்கம் மாதா கோயில், நடுவில் ஏலம். ஈர சிமெண்டுத் தரையில் ஒரு கூடை நெத்திலியைக் கொட்டியதும் ஏலக்காரர் மூச்சு விடாமல் தொகையை ஏற்றிக்கொண்டே போனார். ஈ ஓட்டக் கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற மீன்கார அம்மா பதறி, “அண்ணா, கை தாழ்த்து!” என்றார். இல்லாவிட்டால் அந்த நெத்திலி முழுவதும் என்னோடு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறியிருக்கும்.

கொஞ்சம் தெற்கே புதிய துறைமுகம். கரையை ஒட்டியே இயற்கையான ஆழம் இருப்பதால் ராட்சசக் கப்பல்களாலும் அருகில் வரமுடிகிறது. 2024 ஜூலையில் முதல் சரக்குப்பெட்டிக் கப்பலாக சான் ஃபெர்னாண்டோ வந்தது. 2025 ஜூனில், சுமார் 400 மீட்டர் நீளமுள்ள எம்.எஸ்.சி. இரினா. பெரிய கப்பலில் வந்த பெட்டிகளை இறக்கி, சின்னக் கப்பல்களில் ஏற்றி வேறு ஊர்களுக்கு அனுப்புவதுதான் முக்கிய வேலை. இங்கே இறங்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை ஊருக்குள் வருவதில்லை. கோவளத்துப் பயணிகள் போலவே.

மத்தியானம் ஒரு சின்னக் கடையில் மரச்சீனியும் சிப்பி வறுவலும். கடலுக்குள் மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து பெயர்த்து எடுத்துவந்த சிப்பி. இரண்டாவது தட்டு வந்தபோது கடைக்காரரிடம் இரினாவின் பெருமையை எடுத்துவிட்டேன்: நீளம், உயரம், இருபத்து நாலாயிரம் பெட்டி. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அவ்வளவு பெரிய கப்பல்தான் சாரே. ஆனா ஒரு மீன்கூட கொண்டுவராது!”