எந்தச் சாதனம், துரை?

பெறுநர்: குரோம் உலாவியின் அனுமதிப் பெட்டிகளைக் கவனிக்கும் மேலிடம், கலிபோர்னியா.
அனுப்புநர்: கல்லாற்றுவாசி, பொன்முடி அடிவாரம், நெடுமங்காடு வட்டம், திருவனந்தபுரம் மாவட்டம்.
பொருள்: கேட்க வேண்டியவரை விட்டுவிட்டுப் பக்கத்திலிருப்பவரைக் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய துரை அவர்களுக்கு,

2025 அக்டோபர் கடைசியில் தாங்கள் 142ஆம் பதிப்பை இறக்கியதிலிருந்து, ஏதாவது ஒரு வலைத்தளம் எங்கள் கணினிக்குள்ளோ ரூட்டர், பிரிண்டர் பக்கமோ எட்டிப் பார்த்தால் பெட்டி ஒன்றைத் திறந்து சம்மதம் கேட்கிறீர்கள். மெத்த சந்தோஷம். 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரிகள் 1996இலேயே விதியாக எழுதப்பட்டுவிட்டன. அன்றுமுதல் போகிறவர் வருகிறவரெல்லாம் கேளாமலே தட்டினார்கள். 2008இல் மெக்சிகோவில் ஒரு வாழ்த்து மின்னஞ்சலைத் திறந்ததுதான் தாமதம், ரூட்டரின் அமைப்பே மாறி, வங்கிக்குப் போக வேண்டியவர்கள் போலி வங்கிக்குப் போனார்கள். 2025 ஜூனில் இன்னொன்று வெளியே வந்தது: மெட்டாவும் யாண்டெக்ஸும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயே தங்கள் செயலிகளைக் காதைத் தீட்டி உட்கார வைத்து, உலாவியில் யார் எங்கே போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தன. ஆராய்ச்சியாளர்கள் சொன்ன கையோடு மெட்டா நிறுத்திக்கொண்டது. ஆகவே தங்கள் பெட்டி தேவையானதுதான். அதில் எங்களுக்குச் சண்டை இல்லை.

சண்டை கைரேகை மெஷினில் வருகிறது.

எங்கள் மலையில் சமூகப் பாதுகாப்புப் பென்ஷன் வாங்கும் பாட்டிகள் அக்ஷயா என்னும் இணையச் சேவை மையத்துக்கு இறங்கிப் போய், தாங்கள் உயிரோடிருப்பதை விரல் வைத்து நிரூபிக்க வேண்டும். மஸ்டரிங் என்பார்கள். ஆதார் ஆணையத்தின் ஏற்பாட்டில், கைரேகை மெஷினுக்குத் துணையாக ஆர்.டி. சர்வீஸ் என்ற மென்பொருள் மையத்தின் கணினியில் ஓடும். உலாவி வழியாக ரேகை கேட்கும் தளம் 127.0.0.1 என்ற முகவரிக்கு, அதாவது அதே கணினிக்கு, போய் 11100 முதல் 11120 வரை எண்ணிட்ட போர்ட் என்னும் வாசல்களை வரிசையாகத் தட்டி, “மெஷின் இருக்கா?” என்று விசாரிக்கும். முறைப்படி நடக்கிற காரியம். ஆனால் திருடனும் அப்படித்தான் தட்டுவான். தங்கள் கண்ணுக்கு இருவரும் ஒன்று.

அங்கே தங்கள் பெட்டி எழுந்து நிற்கிறது. 142ஆம் பதிப்பில் அது சொன்னது: உள்ளூர் நெட்வொர்க்கில் உள்ள எந்தச் சாதனத்தையும் தேடி இணைய இந்தத் தளம் விரும்புகிறதாம். எந்தச் சாதனத்தையும்! மேஜைமேல் கிடக்கும் ஒரு மெஷினுக்காக ரூட்டர், பிரிண்டர், கேமரா எல்லாவற்றின் சாவியையும் சேர்த்துக் கேட்டீர்கள். எங்கள் ஊர் வனத்துறை செக்போஸ்ட்டில்கூட எந்த வண்டி, எங்கே போகிறது என்று பார்த்துத்தான் கம்பைத் தூக்குவார்கள். ‘இவரைக் காட்டில் இஷ்டம்போல் சுற்ற விடலாமா?’ என்று பின்னால் நிற்கும் வண்டிக்காரரிடம் கேட்பதில்லை.

மையத்தில் இருக்கும் பிள்ளைக்கு வாசல்வரை வரிசை. படிக்காமலே ‘அனுமதி’யை அழுத்துகிறது. படித்திருந்தாலும் அதைத்தான் அழுத்தியிருக்கும். தவறி ‘தடு’வைத் தொட்டுவிட்டால், தடுத்தது தாங்கள் என்று தளம் சொல்லாது, மெஷின் கிடைக்கவில்லை என்று மட்டும் முனகும். பழி விரலுக்கு. தேயிலை கிள்ளியே தேய்ந்த விரல், ரேகை பதியாது என்று ஏற்கெனவே பேர் வாங்கியது. “பாட்டி, நல்லா துடைச்சுட்டு இன்னொருக்கா வைங்க.” பாட்டியும் முந்தானையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார்.

விரல் பாட்டியுடையது, பென்ஷன் பாட்டியுடையது, கணினி மையத்துடையது. சம்மதம் யாருடையது? ஒருமுறை அழுத்தினால் அந்தத் தளத்துக்கு அது நிலைத்துவிடுவதால், போன மாதம் வேலையை விட்டுப் போன பையனுடைய சம்மதம் என்றுதான் சொல்ல வேண்டும். சம்மதத்தைத் தெளிவான எளிய மொழியில், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்க வழிசெய்து கேட்க வேண்டும் என்று எங்கள் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அது தரவு வாங்குகிறவருக்கு, பெட்டி திறக்கிறவருக்கு அல்ல என்று தங்கள் வக்கீல் சொல்வார். சொல்லட்டும்.

பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் தாங்கள் காட்டும் பரிவையும் கவனித்தோம். நிர்வாகி முன்கூட்டியே தளங்களின் பட்டியலைப் போட்டுவைத்தால் அங்கே பெட்டியே வராது. ஐ.டி. ஆள் வைத்திருப்பவரிடம் கேள்வி இல்லை. இல்லாதவரிடம்தான் தங்கள் பரீட்சை.

எனவே கோருவது ஒன்றே. எந்த முகவரி, எந்த போர்ட் தட்டப்படுகிறது என்பது தங்களுக்குத் தெரியும். அதைப் பெட்டியில் எழுதுங்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பெட்டியை இதுவரை ஒருமுறையும் படித்து முடிக்காத
கல்லாற்றுவாசி

நகல்: ஆதார் ஆணையம். ரேகை பதியாதபோது தடுத்தது உலாவியா, விரலா என்று தளங்கள் திரையில் சொல்ல உத்தரவிட வேண்டுகிறோம்.