ஜப்தி பஸ்ஸுக்குக் கெடு இல்லை

அரசுப் பஸ் நம் பக்கம் மூன்று காரணங்களுக்காக நிற்கும்: ஸ்டாப்பிங், பிரேக்டவுன், ஜப்தி. கணியம்பாடியில் கைகாட்டிக்கொண்டே ஓடியவர்களைக் கேளுங்கள், முதல் காரணம்தான் அபூர்வம் என்பார்கள்.

மூன்றாவது, பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் பழகிய காட்சி. கோர்ட் அமீனா வருவார், கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டுவார், பயணிகள் மூட்டைமுடிச்சோடு இறங்குவார்கள். எப்போதோ யாரையோ இடித்ததற்கு நஷ்டஈடு கட்டவில்லை. உங்கள் டூவீலருக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் போலீஸ் மடக்கும். போக்குவரத்துக் கழகமோ, தனியாக ஒரு நிதி வைத்துக்கொண்டு விலக்கு வாங்கலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு. அந்த நிதி எங்கே என்று அமீனாவைத்தான் கேட்கவேண்டும்.

ஜப்திவரை வந்து சேர்வதே பெரும்பாடு. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற 32 வயசுப் பெண் ஒருத்தி, மாசம் 10,000 சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கம்பாறை ரோட்டில் பஸ் இடித்து வலது மணிக்கட்டு மடங்காமல் போய்விட்டது. கட்டுப் பிரிப்பதற்குள் கட்டிலருகே கேஸ் புரோக்கர் ஆஜர். "நாங்க பாத்துக்கறோம்மா, நீ கையெழுத்து மட்டும் போடு." எந்தக் கையால் போடுவாள்? அதற்கென்ன, மை டப்பாவும் கொண்டுவந்திருக்கிறாரே!

மெடிக்கல் போர்டு மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி, 30 சதவீதம் என்று எழுதுகிறது. கம்பெனி சூப்பர்வைசருக்கு போர்டெல்லாம் வேண்டாம். ஊசிக்குக் கீழே தோலைத் திருப்ப வரவில்லையா, நாளையிலிருந்து வராதே. அவர் கணக்கில் அது நூறு.

எதிர்த்தரப்பு வக்கீல் சதவீதத்துக்கு 5,000 என்று பெருக்கச் சொல்வார்: 1,50,000. அதே முப்பதை வருஷச் சம்பளத்தில் எடுத்து, 2009 சரளா வர்மா தீர்ப்பின் பட்டியலில் அவள் வயசுக்கு உள்ள 16ஆல் பெருக்கினால் 5,76,000. உடம்பில் எத்தனை சதவீதம் என்பதல்ல, பிழைப்பில் எவ்வளவு போனது என்று பார் என 2010இலேயே ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிப் பார்த்தால் 19,20,000. ஒரே கை, மூன்று விலை. சந்தையில் சொத்தைக் கத்தரிக்காய்க்குக்கூட இப்படிப் பேரம் நடக்காது.

தீர்ப்பு பிடிக்காமல் கழகம் போகிற அப்பீலுக்கு ஆகும் செலவு கழகத்தின் பணம், அதாவது நம் பணம். வாய்தாவுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் மட்டும் மகளிருக்கு டிக்கெட் இல்லை. நன்றி மறக்கக்கூடாது.

1988 மோட்டார் வாகனச் சட்டம் நஷ்டஈட்டு மனுப் போட ஆறு மாதக் கெடு வைத்தது. 1994இல் எடுத்தார்கள். 2019 திருத்தத்தில் மறுபடி செருகினார்கள், 2022 ஏப்ரல் 1 முதல் அமல். கை போனவளுக்கு ஆறு மாதம். பணம் கட்டவேண்டிய கழகத்துக்கு, அமீனா வரும்வரை.