சிரஸ்தார் மாமாவுக்கு

ஜெர்சி சிட்டி

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

"நியூயார்க்ல சுப்ரமணியன்னு ஒரு ஜட்ஜாமே, பக்கத்துலயே இருந்துகிட்டு ஒரு எட்டு போய்ப் பார்க்கலையா?" என்று போனில் கேட்டீர்களே, போய்விட்டு வந்தேன். பாளையங்கோட்டைக் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர் கேட்டால் தட்ட முடியுமா? கோர்ட்டுக்குப் போக வேண்டும், லீவு வேண்டும் என்றதும் என் மேனேஜர் குரலைத் தாழ்த்தி, "எதுவானாலும் தைரியமாக இரு" என்றார். நான் ஒன்றும் விளக்கவில்லை. அந்த வாரம் முழுக்க என்னிடம் ரொம்பப் பதமாக நடந்துகொண்டார்.

முதலில் உங்கள் ஜட்ஜ் விவகாரம். அருண் சுப்ரமணியன் 2023-ல், நான் போன மத்திய அரசின் கோர்ட்டில் நியமனம் ஆனார். அந்தக் கோர்ட்டில் அமர்ந்த முதல் தெற்காசியர் அவர்தான். பெயரை வைத்து நீங்கள் அவரைத் தாமிரபரணிக் கரைக்கே கொண்டுவந்துவிட்டீர்கள். அவர் பிறந்தது பிட்ஸ்பர்க். 2025-ல் பாடகர் ஷான் கோம்ப்ஸ் வழக்கு அவர் முன்னால்தான் நடந்தது. உள்ளே இடம் பிடிக்க ராத்திரியே வந்து நடைபாதையில் வரிசை கட்டினார்கள். காசு வாங்கிக்கொண்டு பிறருக்காக வரிசையில் நிற்பவர்களும் இருந்தார்கள். நான் போன அன்று அவர் முன்னால் விசாரணை எதுவும் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், வேறு ஜட்ஜைப் பார்த்தேன்.

உலக வர்த்தக மையத்தில் ரயிலை விட்டு இறங்கி நடந்தால் ஃபோலி சதுக்கம் வரும். அங்கே திரும்பிய பக்கமெல்லாம் கோர்ட்டு. சினிமாவில் வருகிற மாதிரி பெரிய தூண்களும் அகலப் படிகளுமாக நிற்பது மாநில அரசின் சுப்ரீம் கோர்ட். பெயரைக் கேட்டு எழுந்து நிற்க வேண்டாம். நியூயார்க் மாநிலத்தில் சுப்ரீம் கோர்ட் என்றால் வழக்கை முதலில் விசாரிக்கிற கோர்ட்டுதான். அதற்கு மேல் அப்பீல் உண்டு. மத்திய அரசின் கோர்ட்டுக்கு அங்கே இரண்டு கட்டடம். நான் போனது 500 பேர்ல் தெருவில் இருக்கும் மோய்னிஹன் கட்டடம். 27 மாடி. பின்னால் சைனா டவுன்.

அந்தக் கட்டடத்துக்கு இடம் தோண்டியபோது, 19-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த ஃபைவ் பாயிண்ட்ஸ் என்ற ஏழைக் குடியிருப்பின் சாமான்கள் கிடைத்தன. பீங்கான், பொம்மை, புகைக்குழாய் என்று ஏறத்தாழ 8,50,000 உருப்படி. பத்திரமாக இருக்கட்டும் என்று உலக வர்த்தக மைய வளாகத்துக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் வைத்தார்கள். 2001-ல் அந்த மையம் தாக்கப்பட்டபோது எல்லாம் போயிற்று. இரவலாக வெளியே போயிருந்த 18 மட்டும் தப்பின. ரிக்கார்டு ரூமை முப்பது வருஷம் கரையானிடமிருந்து காப்பாற்றிய உங்களுக்கு இது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

இனி வாசல். எந்த ஜட்ஜ், எத்தனையாவது மாடி, எந்த வழக்கு, எத்தனை மணி, எல்லா விவரமும் இணையத்தில் இருக்கிறது. ஆனால் அந்த விவரத்தைப் பார்க்கும் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்! கையில் எண் போட்ட ஒரு வில்லையைக் கொடுத்து, போகும்போது வாங்கிக்கொள் என்கிறார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் காகிதத்தில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். நான் மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். வழக்கு எண் நம்மூர் மாதிரியேதான்: வருஷம், சிவிலா கிரிமினலா என்பதற்கு இரண்டு எழுத்து, வரிசை எண். கடைசியில் ஜட்ஜின் இனிஷியல். கோர்ட் அறைக்கு 14சி, 23பி என்று பெயர், மாடியும் எழுத்தும். கையில் போனும் இல்லாமல் கடிகாரமும் இல்லாமல் நின்றபோது, 1995-ல் உங்களோடு திருச்செந்தூர் போன ஞாபகம் வந்தது.

சோதனை போடுகிறவர்கள் நீலக் கோட்டுக்காரர்கள்; பெரும்பாலும் ஓய்வு பெற்ற போலீஸ். கோட்டு, மஃப்ளர், பெல்ட், கைப்பை எல்லாம் எக்ஸ்ரே பெட்டிக்குள் போயின. என் எவர்சில்வர் டப்பா திரையில் கன்னங்கரேலென்று வட்டமாகத் தெரிந்தது. சாமான்களை நகர்த்தும் பெல்ட் நின்றது. இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள். மூன்றாவது ஆள் வந்தார். "திறங்கள்" என்றார் மரியாதையாக. திறந்தேன். எண்ணெயில் ஊறிய மிளகாய்ப் பொடி தடவிய நாலு இட்லி. அவர் முகர்ந்துவிட்டு ஒரு அடி பின்வாங்கி, "போகலாம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஆச்சரியம். எதற்கு வந்தாய், யாருக்கு வேண்டியவள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கதவைத் தள்ளினேன், பின் பெஞ்சில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். வாதி, பிரதிவாதி, வக்கீல்களோடு வேடிக்கை பார்க்க நான் ஒருத்தி.

ஏதோ இன்சூரன்ஸ் தகராறு. ஒரு மின்னஞ்சலை எப்போது படித்தீர்கள் என்பதையே வக்கீல் கேட்டுக்கொண்டிருந்தார். வக்கீல்களுக்கு அங்கியும் இல்லை, கழுத்துப் பட்டையும் இல்லை. கல்யாண ரிசப்ஷனுக்கு வந்த மாதிரி சூட்டு. ஜூரிகள் வரும்போது எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். ஒரு நாளைக்கு அவர்களுக்கு 50 டாலர்தான் படி, ஆனால் மரியாதை அப்படி. பெஞ்சுக்குக் கீழே ஒரு அம்மாள் சின்ன மெஷினில் பேசுவதையெல்லாம் அப்படியே தட்டிக்கொண்டிருந்தாள். சாட்சி சொல்வதை ஜட்ஜ் தம் வாயால் திருப்பிச் சொல்லி டைப் அடிக்க வைப்பதெல்லாம் இங்கே கிடையாது. சாட்சி "ம்" என்றால், "ஆமா, இல்லைன்னு சொல்லுங்க, எழுதணும்" என்கிறார் ஜட்ஜ். போட்டோவுக்கும் தடை; கிரிமினல் வழக்கில் அந்த விதி 1946-லிருந்தே இருக்கிறது. அதனால்தான் பெரிய கேஸ் என்றால் பேப்பரில் கையால் வரைந்த படம் வருகிறது.

58 வயதில் உங்களுக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்களே, இங்கே இந்த ஜட்ஜுகளுக்கு ஓய்வு வயதே கிடையாது. 1933-ல் பிறந்த ஹெல்லர்ஸ்டீன் என்பவர் இன்னும் அதே கோர்ட்டில் வழக்கு விசாரிக்கிறார். இதை அத்தையிடம் சொல்லாதீர்கள். உங்களையும் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கலாமே என்று கவர்ன்மெண்டைத் திட்டப் போகிறாள்.

காப்பி செக்ஷன் பற்றிக் கேட்டீர்கள். ஸ்டாம்பு ஒட்டி, குமாஸ்தாவைப் பிடித்து, வாரக்கணக்கில் நடக்கிற வேலை இல்லை. கணினியில் பக்கத்துக்கு 10 சென்ட். எவ்வளவு நீளமான ஆவணமானாலும் பொதுவாக 3 டாலருக்கு மேல் இல்லை. மூன்று மாதத்துக்கு 30 டாலருக்குள் வந்தால் அதையும் தள்ளுபடி செய்கிறார்கள். கோர்ட் ஆபீசில் எந்தப் படிவம், என்ன ஃபீஸ் என்று பொறுமையாகச் சொல்கிறார்கள். "என் கேஸ் நிக்குமா?" என்று மட்டும் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு உங்கள் ஆபீஸ் வாசல் டீக்கடையில்கூடப் பதில் கிடைக்கும்.

அடுத்த வருஷம் வருகிறீர்கள் அல்லவா, சேர்ந்தே போகலாம். சனி, ஞாயிறு, அரசு விடுமுறையில் கோர்ட் கிடையாது; அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பென்ஷன் கார்டைக் காட்டி அவர்களைக் குழப்ப வேண்டாம். காது மெஷினுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வெற்றிலைச் செல்லத்தை மட்டும் தயவுசெய்து என் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அந்தப் பாக்குவெட்டியை எக்ஸ்ரே திரையில் பார்த்தால் நீலக் கோட்டுக்காரர்கள் இட்லியைப் பார்த்ததுபோல் விட்டுவிட மாட்டார்கள்.

அன்பு மருமகள்,
செல்வி