மார்கழி மாதத்துக் கணக்குப்பிள்ளை

மார்கழிப் பனி இறங்கும் காலைகளில் கள்ளக்குறிச்சியின் ஊர்ப்புறத்து நடைபாதைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு: சர்க்கரை, கொழுப்பு, மருமகள். நடக்க வந்த இடத்தில் நடக்காமல் நிற்பவர் ஒருவர்தான். அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் பாதை குறித்துக் கொடுத்தபோது, இப்படி ஒருவர் 8 மீட்டரிலேயே நின்றுவிடுவார் என்று எதிர்பார்த்திருக்காது. காக்கியிலும் சேராமல் பச்சையிலும் சேராமல் ஒரு நிறத்தில் சட்டை, குரங்குக் குல்லாய்க்கு மேல் ஒரு தொப்பி, மப்ளருக்கு மேல் தொங்கும் பைனாகுலர், பல பைகள் வைத்த மேலங்கி. அந்தப் பைகளில் ஒன்றில் பிரஷர் மாத்திரை. மற்றவற்றில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. பாதையோரத்து வீட்டுக்காரர்கள் முதலில் இவரைப் புறவழிச்சாலைக்கு அளவெடுக்க வந்தவர் என்று எண்ணிப் பட்டாவைத் தேடுகிறார்கள். பைனாகுலர் மாடிப் பக்கம் திரும்பினால் பிரச்சினை வேறு மாதிரி ஆகிவிடும். “குருவி பார்க்கிறேம்மா” என்று அவர் சொல்லும் உண்மையைவிட நம்பமுடியாத பொய் ஒன்றை யாராலும் கற்பனை செய்ய முடியாது.

சந்தேகம் தெளிந்தபின் ஊர் இவரை இயற்கை ரசிகர் வரிசையில் சேர்த்துவிடுகிறது. பென்ஷன் வந்ததும் சிலருக்குக் கவிதை வரும். இவருக்குக் குருவி வந்திருக்கிறது என்கிறார்கள். இது இவருக்குச் செய்யும் அநியாயம். இவர் ரசிகர் அல்லர், கணக்குப்பிள்ளை. தமிழ்நாட்டில் ஊர்க்கணக்கு எழுதும் கர்ணம் பதவியை 1980-இல் ஒழித்தார்கள். ஆணை போட்டுப் பதவியைத்தான் ஒழிக்க முடிந்தது. அந்தச் சுபாவம் சில பத்தாண்டுகள் அலைந்து திரிந்துவிட்டு மார்கழியில் பைனாகுலரோடு வந்து நிற்கிறது. சான்று வேண்டுமா? இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கும் ஆறுமணிக்குருவி, அத்தனை நிறத்தையும் உடம்பில் அப்பிக்கொண்டு சருகைக் கிளறிக்கொண்டிருக்கும்போது ரசிகன் வாயைப் பிளந்து நிற்பான். நம்மவர் மணி பார்க்கிறார். கைப்பேசியைத் திறந்து இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில் பறவையின் பெயருக்கு நேராக 1 என்று போடுகிறார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் குருவி போய்விடுகிறது. அதில் அவருக்கு வருத்தமில்லை, பதிவு ஏறிவிட்டது. அந்தப் படிவத்தைப் பார்த்தால் கர்ணம் எழுதிய பழைய அடங்கலின் சாயல் தெரியும். சர்வே எண்ணுக்குப் பதில் இடம், பயிருக்குப் பதில் பறவை, பிறகு தொடங்கிய நேரம், நடந்த தூரம், எண்ணிக்கை. புதருக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்ற சத்தத்தை மட்டும் வெளியே அனுப்பும் கதிர்க்குருவியை ‘இனம் தெரியாத கதிர்க்குருவி’ என்று எழுதிவைக்கிறார். எல்லாக் கணக்கிலும் கொஞ்சம் புறம்போக்கு இருக்கத்தானே செய்யும். வழக்கத்துக்கு மாறான பறவையை எழுதிவிட்டால், எங்கோ இருக்கும் சரிபார்ப்பாளரிடமிருந்து ‘ஆதாரம் உண்டா?’ என்று கடிதம் வரும். அன்று இவர் வீட்டில் ஜமாபந்தி.

இந்தத் தொழிலின் பூர்வீகமும் என் பக்கமே சாட்சி சொல்கிறது. இந்தியப் பறவையியலின் தந்தை எனப்படும் ஆலன் ஆக்டேவியன் ஹியூம், காங்கிரசைத் தொடங்குவதற்கு முன் உள்நாட்டுச் சுங்கத்துறையின் ஆணையராக உப்பு வரி பார்த்தவர். பல ஆண்டுகள் சேர்த்த அவருடைய குறிப்புக் கட்டுகளை 1880-களில் ஒரு வேலைக்காரர் பழைய காகிதமாக எடைக்குப் போட்டுவிட்டார். அந்தத் திருட்டோடு மழையில் சரிந்த மண் அவருடைய சிம்லா அருங்காட்சியகத்தையும் பாழாக்கியது. ஹியூம் பறவைகளையே விட்டுவிட்டார். சேகரிப்பு முழுவதையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். கவனியுங்கள், பறவைகள் எங்கும் போய்விடவில்லை, சிம்லாவில் பறந்துகொண்டுதான் இருந்தன. போனது பேரேடு. பறவையியலாளர் சாலிம் அலியோ பம்பாய் தாவர் வணிகக் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தவர். அவர் வாழ்நாள் முழுவதும் எழுதிய குறிப்பேடுகளைப் பார்த்தால் படிப்பு வீண்போனதாகத் தெரியவில்லை.

தொப்பியும் பைனாகுலரும் பகட்டுதானே, இதில் காரியம் என்ன என்பார்கள். பகட்டு இல்லாமல் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் இவருடைய ஒன்றுவிட்ட தம்பியான புகைப்படக்காரரைச் சேர்ந்தது. தோளில் பீரங்கி மாதிரி லென்ஸைச் சுமப்பவர் அவர். அவருக்குத் தேவை ஒரே ஒரு மீன்கொத்தி, அதுவும் வாயில் மீனோடு. ஏழு தவிட்டுக்குருவி கத்திக்கொண்டு போனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நம்மவர் ஏழையும் எழுதிக்கொள்வார். கூட்டத்திலிருந்து பிந்திய எட்டாவது குருவி வேலி தாண்டி வந்தால், பாதி குடித்த டீயை வைத்துவிட்டுக் கணக்கைத் திருத்துவார். காக்கைக்கும் மைனாவுக்கும் இந்த மரியாதை வேறு யாரிடமும் கிடைக்காது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. கல்வராயன் மலையில் சாமை விதைத்து, கடுக்காய் பொறுக்கி வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குப் புத்தகமும் பைனாகுலரும் இல்லாமலே குரலைக் கேட்டுப் பறவை தெரியும். நகரத்திலிருந்து ஒருவர் வந்து எண்ணித்தானா ஆக வேண்டும்? அறிவில் அவர்கள் மேல் என்பதில் தகராறு இல்லை. ஆனால் ஒரு பறவை மலையில் குறைந்தால் மலைக்காரருக்குத் தெரியும். நாடு முழுவதும் குறைகிறதா என்பது கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, ஏறத்தாழ 30,000 பேர் எழுதிய 3 கோடிப் பதிவுகளைக் கூட்டி 942 இனங்களை ஆராய்ந்தது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும், நாம் சாதாரணம் என்று நினைத்திருந்த பனங்காடை வேகமாகக் குறைகிறது என்று சொன்னது அந்தக் கூட்டல்தான். மயில் பெருகுகிறது என்றும் சொன்னது. அதற்கு அறிக்கை தேவையில்லை, நிலக்கடலை போட்டவரைக் கேட்டாலே போதும். சிட்டுக்குருவியைச் செல்போன் கோபுரம் கொன்றுவிட்டது என்று மேடைதோறும் அழுதுகொண்டிருந்தபோது, பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுவதுமாகப் பார்த்தால் அது 25 ஆண்டுகளாக ஏறக்குறைய அப்படியே இருக்கிறது என்று 2020 அறிக்கை சொல்லிவிட்டது. ரசிகர்களை நம்பியிருந்தால் இன்னும் அழுதுகொண்டிருப்போம்.

எண்ணிக்கை சரியாக இருக்குமா என்று கேட்டால், இருக்காது. முப்பது காக்கையை முப்பத்தைந்து என்பார். ஆனால் பல ஆயிரம் பேர் பல ஆண்டுகள் எழுதும்போது, கூட்டியவரும் குறைத்தவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் சமன் செய்துவிடுகிறார்கள். சமன் ஆகாத குற்றம் வேறொன்று. இவருக்கு விடுமுறை என்றால் கோமுகி அணை, மிஞ்சினால் கரியாலூர், மேகம் அருவி, பெரியார் அருவி. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நான்கு நாள் நடக்கிறது, ஒரு பட்டியலுக்குப் பதினைந்து நிமிடம் போதும் என்கிறார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கும் இவருக்கு அருவி வேண்டும். கணக்கை மட்டும் நம்பினால் இந்த மாவட்டத்தின் பறவைகள் சுற்றுலாத் தலங்களில்தான் குடியிருக்கின்றன, அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். அகலமான கரும்புக்காடும் மரவள்ளிக் கொல்லையும் நெல்வயலும் ஏட்டில் வெற்றிடம். பழைய கர்ணத்தின் மேலும் இதே புகார்தான், திண்ணையை விட்டு இறங்காமல் அடங்கல் எழுதுகிறார் என்று. ஆகவே தொப்பியையோ பைனாகுலரையோ யாரும் குறை சொல்ல வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலையில், அரிசி ஆலைக்குப் பின்னாலுள்ள வாய்க்கால் வரப்புக்கு இவர் எப்போது வருவார் என்று மட்டும் யாராவது கேட்டுச் சொன்னால் நன்றாயிருக்கும். அங்கே காக்கைகள் காத்திருக்கின்றன, எத்தனை என்று தெரியவில்லை.